வேன் நிறுத்த மூன்று வெள்ளி

இருபத்திரண்டு வருடமாக
ரிங்லெட்டிலிருந்து மேலே ஏற்றிப் போய்
பொழுது சாய இறக்கிவிடுகிறேன்.
முதலில் முருகன் கோயில்,
பிறகு சீனக் கோயில்,
பிறகு தேயிலைக் காட்சிமேடை,
கடைசியில் ஸ்ட்ராபெரி.
இந்த வரிசையை மாற்றினால்
ஒன்றுக்குப் போக இடம் கிடைக்காது.

கோயில் பலகையில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.
போன தடவை சாயம் பூசியபோது
பழைய எண் உரிந்துபோய்
கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று
கமிட்டி இரண்டாகப் பிரிந்தது.
பெயிண்டர் நேசமணி
பசியாறப் போகிற அவசரத்தில் எட்டு போட்டான்.
சாமிக்கு ஐந்து வயது குறைந்தது.
வருகிறவர்கள் அதன் கீழே நின்றுதான்
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

காட்சிமேடைக்கு நான் ஏறியதே இல்லை.
நூற்றுப் பதினான்கு படி.
யாராவது வேனில் இருக்க வேண்டும்:
பைகள், பால் புட்டிகள்,
வாந்தி எடுத்துத் தூங்கிப்போன ஒரு பிள்ளை.
இறங்கி வருகிறவர்களின் முகத்தில்
அன்றைய காட்சியைப் படித்துக்கொள்வேன்.
மூடுபனி என்றால் சண்டையோடு வருவார்கள்.
வெயில் என்றால் பசியோடு.

போன ஞாயிறு சவாரி இல்லை.
பதினேழாம் கட்டை லயத்தின் முன்னால்
பூர்ண லிம்பு கை காட்டினான்.
இலை வெட்டும் மிஷினைச் சுமந்து சுமந்து
ஒரு பக்கம் சாய்ந்த நடை.
அன்று மட்டும் இஸ்திரி போட்ட நீலச் சட்டை.
மூன்று வருடத்தில் முதல் முறையாகச்
சுற்றிப் பார்க்கப் போகிறானாம்.
எவ்வளவு என்றான்.
எண்ணெய்க் காசு கொடு போதும் என்றேன்.

முருகனிடம்
என்னைவிட அதிக நேரம் கும்பிட்டான்.
சீனக் கோயிலில்
தொப்பை குலுங்கச் சிரிக்கும் சாமியைப் பார்த்து
அவனும் சிரித்துவைத்தான்.
காட்சிமேடை அடியில் இறங்கியதும்
கண்ணுக்கு மேல் கை வைத்து
நாலா பக்கமும் தேடினான்.
"குனோங் மானா, அண்ணே?"
மலை எங்கே என்கிறான்,
மலைமேல் நின்றுகொண்டு.

இதுதான் என்று
தரையை மிதித்துக் காட்டினேன்.
மரியாதை தெரிந்தவன்.
வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

போனில் அவன் ஊர்.
சோளம் தொங்கும் கூரை,
கட்டிப் போட்ட எருமை,
அதற்குப் பின்னால்
மேகம் என்று நான் நினைத்ததற்கும் மேலே
வெள்ளையாக ஒன்று.
அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்களாம்.
அவன் வீட்டு வாசல் வழியாகத்தான் பாதை.
மேலே பழைய கோயில், இரண்டு நாள் நடை.
நீ போயிருக்கிறாயா என்றேன்.
யாராவது எருமையைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா
என்றான்.

அதற்கு மேல் நான் என்ன கேட்க.
வேனைப் பூட்டினேன்.
நாலு படி ஏறித் திரும்பி வந்து
கதவை இழுத்துப் பார்த்தேன்.
அறுபதாவது படியில் முழங்கால் பேசத் தொடங்கியது.
அவன் பாட்டுக்கு ஏறினான்,
பக்கத்து வீட்டில் உப்பு கேட்கப் போகிறவன்போல.

மேலே மூடுபனி.
கம்பி வேலி இருந்தது.
அதற்கு அப்பால்
சுண்ணாம்பு அடித்து முடித்த சுவர்.
இதற்கா இத்தனை பேரை
இத்தனை வருடம் கொண்டுவந்தேன் என்று
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.
அவன் அந்த வெள்ளைக்கு முதுகு காட்டி நின்று
படம் எடுக்கச் சொன்னான்.
என்னையும் இழுத்துத் தோளில் கை போட்டு,
வயிற்றை உள்ளே வாங்கச் சொல்லி,
இன்னொன்று.
நின்ற இடத்திலேயே வீட்டுக்கு அனுப்பினான்.
மனைவியின் பதில் உடனே வந்தது.
படித்துவிட்டு, படியில் உட்கார்ந்து சிரித்து,
எனக்கு மலாயில் சொன்னான்:
எப்போது ஊருக்கு வந்தாய்,
யார் அந்தத் தடியன்?

கீழே சாவடியில்
என் தங்கை மகன் சீட்டைக் கிழித்தான்.
மூன்று வெள்ளி, மாமா.
எனக்குமாடா என்றேன்.
மேலே ஏறினீங்கதானே என்றான்.
ஒன்றும் தெரியவில்லையே என்று
நான் தொடங்குவதற்குள்
பூர்ண லிம்பு கட்டிவிட்டான்,
சில்லறையாக,
ஒவ்வொன்றாக எண்ணி.